அடித்தகரம் கேட்பது நல்ல தண்ணீர்

எங்கள் ஊரில் வாகனங்கள் கீழிருந்துதான் சாகின்றன. என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், மேலே பெயின்ற் மினுங்கும், ஆனால் கதவைத் திறந்து கால் வைத்து ஏறும் இடத்துக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினால் தகரம் பொருக்குப் பொருக்காக உதிரும். பருத்தித்துறையில் பொடி வேலை செய்து குடும்பம் நடத்தியவன் நான். டபிள் கப், பட்டா, மீன் லொறி என்று என் பட்டறைக்கு வந்தவற்றில், மோதி நசிந்தவற்றைவிட இப்படி அடியில் தின்னப்பட்டவைதான் அதிகம். கல்லிலும் கட்டையிலும் அடிபட்ட இடத்தில் பெயின்ற் போகும், அதற்குள் உப்பு இறங்கும், கறள் பிடிக்கும். கடைசியில் வெட்டி எடுத்துப் புதுத் தகரம் ஒட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. இதில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. தடுப்பதற்கென்று காசு கொடுத்துச் செய்விக்கும் வேலைகளில் சில, அந்த அழிவை இன்னும் விரைவாக்குகின்றன. அதுதான் என்னை எழுத வைக்கிறது.

இது வசதிக்காரரின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. சுங்க வரி, உற்பத்தி வரி, அவற்றின் மேல் 18 சதவீத வற் வரி எல்லாம் ஏறி நிற்கும் விலையில், தொழிலுக்குப் புதுக் கப் வாங்கக்கூடியவர்கள் வடமராட்சியில் எத்தனை பேர்? இருக்கிற வாகனத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. கட்டைக்காட்டில் மீன் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவருக்கும், தோட்டத்து வெங்காயத்தையும் புகையிலையையும் ஏற்றுகிறவருக்கும் அந்த வாகனமே முதல். அதன் அடித்தகரம் போனால் பிள்ளையின் படிப்புக் காசிலிருந்து எடுத்துத்தான் ஒட்டுவிக்க வேண்டும். காப்புறுதியும் கைகொடுக்காது. கறளைத் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எங்கள் நிலம் இரண்டு விதமானது. பருத்தித்துறை முனையிலிருந்து தொண்டைமானாறு வரைக்கும் வடக்குக் கரையில் சுண்ணாம்புப் பாறை வெளியே தெரியும். வல்லிபுரத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் மணல். மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, வெற்றிலைக்கேணி என்று கரையோரம் நீளுகிறது. வீதியில் ஓடும்வரை குழிகளோடு மட்டும்தான் போராட்டம். வீதியை விட்டுக் கரைக்கு இறங்கும் பாதையில்தான் அடித்தகரத்தின் சோதனை தொடங்குகிறது. மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பனை அடிக்கட்டை கண்ணுக்குத் தெரியாது. வடலிக்குள் வெட்டிப் போட்ட மட்டையின் கருக்கு, ரயரில் ஏறி நிமிர்ந்து கதவின் கீழ்ப்பகுதியில் அரம் போலக் கோடு இழுக்கும். ஊருக்குள்ளும் அதே கதை. மட்டைவேலி ஒழுங்கைகளில் எதிரே ஒரு லான்ட்மாஸ்ரர் வந்துவிட்டால் வேலியோடு உரசித்தான் விலக வேண்டும். உரசிய கோடு மெல்லியது என்று விட்டுவிடுவார்கள். பொடித் தகரத்தின் தடிப்பே ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவு. அதற்குக் காவலாக இருக்கும் பெயின்ற் அதிலும் எவ்வளவோ மெல்லியது. கருக்கு கிழித்தது அந்தக் காவலைத்தான்.

இதற்கு மருந்தாகக் கடைகளில் விற்கப்படுவது புட்போட். பளபளக்கும் குழாய், ஏறுவதற்கு இரண்டு றப்பர் மிதி. வாகனத்தின் பக்கவாட்டுக்குக் காவல் என்று சொல்லித்தான் பூட்டிக் கொடுக்கிறார்கள். கரைவலைப் பாடுகளில் மீன் எடுக்கும் ஒருவர் தன் கப்பைக் கொண்டுவந்தார். கட்டையொன்றில் இறங்கியதாம். கட்டை பட்டது புட்போட்டில். புட்போட்டைத் தாங்கிய பிடிகளோ சின்னச் சின்ன போல்ற்றுகளால் பொடியிலேயே, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிக்கட்டிலேயே பூட்டப்பட்டிருந்தன. வாகனத்தின் பாரம் முழுவதும் குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குள் ஏறி, தகரத்தை உள்ளுக்குத் தள்ளி, பின்கதவு பூட்டாத அளவுக்குக் கதவுத்தூணை வளைத்திருந்தது.

“அண்ணை, காவலுக்கெண்டுதானே பூட்டினது. இது இல்லாட்டி இவ்வளவு சேதம் வந்திராது போல கிடக்கு.”

அவர் சொன்னது சரி. குழாய் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு கையகல நெளிவோடு போயிருக்கும்.

காவல் என்று பூட்டும் இரும்பு, வாகனத்தின் முதுகெலும்பான செசியில் இருந்துதான் வெளியே வர வேண்டும். பொடி அதைத் தொடவே கூடாது. சோதிப்பதற்கு வல்லுநர் தேவையில்லை. பக்கக் குழாயின் நடுவில் ஜக் வைத்து மெல்லத் தூக்குங்கள். குழாயோடு செசியும் சேர்ந்து எழும்பி ரயர் நிலத்தை விட்டுக் கிளம்பினால் அது காவல். குழாய் மட்டும் வளைந்து கதவுப் பக்கம் நெருங்கினால் உடனே ஜக்கை இறக்கிவிட்டு, அது ஏறுவதற்கான படி மட்டும்தான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். காவல் குழாய்க்குச் சுவர் மூன்று மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது மூன்று பிடி வேண்டும். செசியில் நேரடியாக ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. ஒட்டும் சூடு அந்த இடத்து இரும்பின் பலத்தை மாற்றும். தடித்த பிளேற் வைத்து, செசியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைப் பயன்படுத்திப் போல்ற் போடுவதே நல்லது. ஜீஐ பைப்பை ஒட்டுகிற தம்பிமார், ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் உரசி எடுத்துவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும். ஒட்டி முடிந்ததும் அந்த இடத்துக்கு நாகப் பெயின்ற் பூசாவிட்டால் முதலில் கறள் பிடிப்பது அங்கேதான்.

இன்னொன்று, குழாய்க்கும் பொடிக்கும் நடுவில் கை போகும் இடைவெளி இருக்க வேண்டும். அழகுக்காக ஒட்டி வைத்தால் அந்த இடுக்கில் மணல் நிரம்பும். ஈர மணல் அங்கேயே இருந்து தகரத்தை அரிக்கும். குழாயின் முனைகளை முழுதாக அடைத்து ஒட்டுங்கள், அல்லது அடியில் வடிதுளை விடுங்கள். பாதி அடைத்த குழாய் தண்ணீர்ப் போத்தல் ஆகிவிடும்.

மட்பிளாப் விடயத்தில் அவ்வளவு சொல்ல இல்லை. கதவின் கீழ்ப்பகுதியிலும் பின்மட்காட்டின் முன்விளிம்பிலும் விழும் கல் அடிகள் முன்ரயர் எறிபவை. மட்காட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அகல ரயர் போட்டால் எறியும் கல்லும் கூடும். அகல ரயர் போடுகிறவர் அகலமான மட்பிளாப்பும் போட வேண்டும். ஆனால் மணலில் ரிவேஸ் எடுக்கும்போது நீளமான மட்பிளாப்பை ரயர் மிதித்து, உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் லைனரோடு பிடுங்கி எடுத்துவிடும். கரைக்கு இறங்குவதற்கு முன் அதைச் சுருட்டிக் கட்டிவிடுவது எங்கள் மீன் லொறிக்காரருக்குத் தெரிந்த பழக்கம். உல்லாசத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குத்தான் தெரிவதில்லை.

அவர்களிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மணற்காட்டு மணல்மேடுகளில் கப்பை ஏற்றிப் படம் பிடிப்பது இப்போது பெருகிவிட்டது. அந்த மேடுகளைப் பிடித்து வைத்திருப்பது இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். ரயர் ஒருமுறை அறுத்துப் போட்ட கொடி, அடுத்த சோழகத்துக்கு முன் வளர்ந்து மூடாது. மூடாத மணலைக் காற்று தூக்கும். மணல் நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மணற்காட்டில் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயில் கண்ணெதிரே நிற்கிறது. மணல் கொள்ளையால் ஏற்கெனவே புண்பட்ட கரை இது. உங்கள் வாகனத்தின் அடியைக் காப்பதற்கும் அந்தக் கரையைக் காப்பதற்கும் வழி ஒன்றே. மேட்டில் ஏறாதீர்கள்.

கல்லும் கட்டையும் செய்வது ஆரம்பம்தான். முடித்து வைப்பது உப்பு. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. கறியுப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தானாகத் தண்ணீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்போ அதற்கு எவ்வளவோ முன்னரே கசியத் தொடங்கும். அதனால் மழையே இல்லாத மாதத்தில், வீட்டு முற்றத்தில் நிற்கும் வாகனத்தின் அடியும் இரவு முழுவதும் உப்பு ஈரத்தில் ஊறுகிறது. வாடை தொடங்கிவிட்டால் பேசவே தேவையில்லை. கடற்கரை வீதியில் ஒரு காலையில் நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியில் விரலை வைத்து நக்கிப் பாருங்கள். தகரத்தில் பிடிக்கும் கறள், தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால்தான் பெயின்றுக்கு அடியில் கொப்புளம் கிளம்புகிறது. கொப்புளம் கண்ணில் பட்டபோது உள்ளே வேலை முடிந்துபோயிருக்கும்.

மீன் லொறிகளின் பாடு இன்னும் மோசம். ஐஸ் உருகி, மீன் கழுவிய உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, தட்டின் இடுக்கு வழியாகச் செசிக்கு மேல் சொட்டிக்கொண்டே கொழும்பு வரை போகிறது. தட்டுக்கு அடியில் ஒரு பீலி பூட்டி அந்தத் தண்ணீரைச் சில்லுகளுக்குப் பின்னால் ஓரிடத்தில் விழச் செய்தால் செசியின் ஆயுள் எவ்வளவோ கூடும். செலவு சொற்பம். செய்பவர்கள் மிகச் சிலர்.

செசியே உக்கிப் போவது எங்கள் கரைக்கு மட்டும் உரிய கதையுமில்லை. பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் அமெரிக்காவில், டொயோட்டாவின் டக்கோமா, டுன்ட்ரா, செக்கோயா ஆகிய வாகனங்களின் செசிக்குப் போதிய கறள் காவல் இல்லை என்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2016 இல் டொயோட்டா தவறை ஏற்றுக்கொள்ளாமலே சமரசத்துக்கு இணங்கியது. ஏறத்தாழ 15 லட்சம் வாகனங்கள் அதில் அடங்கின. 340 கோடி டொலர் வரை செலவாகலாம் என்று கணக்கிடப்பட்டது. தொழிற்சாலை பூசி அனுப்புவதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இனி நான் கோபத்தோடு பேசும் இடம். அண்டர்சீல். கறுப்பு நிறத்தில், றப்பர் போல, வாகனத்தின் அடி முழுவதும் அடித்துவிடுவார்கள். புதுத் தகரத்தில், சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, அடிக்கக்கூடாத இடங்களை மறைத்து அடித்தால் அது நல்லது, மறுக்கமாட்டேன். நடப்பது வேறு. கடற்கரையிலிருந்து வந்த வாகனத்தை மேலோட்டமாகக் கழுவி, இடுக்கில் உப்பும் மணலும் கிடக்க, அதன் மேலேயே அடிக்கிறார்கள். பெட்டிக்கட்டின் அடியில் விரல்நகம் அளவான வடிதுளைகள் இருக்கும். கதவுகளின் கீழ்விளிம்பிலும் அப்படித்தான். அவற்றையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். கண்ணாடி இடுக்கால் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. இரண்டு மூன்று வருடத்தில் அந்த றப்பர் காய்ந்து வெடிக்கும். வெடிப்பால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும், திரும்பி வராது. நான் கத்தியால் கீறி உரித்த அண்டர்சீலுக்கு அடியில், வெளியே ஒரு கீறலும் தெரியாத இடத்தில், தகரமே இல்லாமல் வெறும் கறள் மண் நின்றதைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் அதுவரை தன் வாகனம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்.

என் பெரியப்பா தொழில் கற்றுத் தந்த காலம் 1990களின் பொருளாதாரத் தடைக்காலம். பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, புதுத் தகரத்துக்கு எங்கே போவது? மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40 உம்தான் எங்கள் வீதிகளில். எண்ணெய்ப் பரலை வெட்டி விரித்து, தட்டி நேராக்கி, அதில்தான் அடித்தகரம் ஒட்டுவோம். தகரம் அருமையானபடியால் ஒரு துண்டும் வீணாக விடமாட்டார். ஒட்டிய துண்டின் மிகத் தாழ்ந்த மூலையில் ஆணியால் ஒரு துளை போட்டுவிட்டுத்தான் பெயின்றைத் தொடுவார். “தண்ணி உள்ளுக்கை போறதை உன்னாலை மறிக்கேலாது. வெளியாலை வாற வழியை அடைக்காதை” என்று சொல்லுவார். இன்றைக்குப் பல லட்சம் பெறுமதியான வாகனத்துக்கு அந்த ஆணித்துளைக்குக் கொடுத்த கவனத்தைக்கூட நாங்கள் கொடுப்பதில்லை.

அலுமினியப் பொடி என்றால் கவலையில்லை என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒன்று. 1948 இல் முதல் லான்ட்றோவர் வந்தபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் இரும்புக்குப் பங்கீடு இருந்தபடியால் அலுமினியக் கலவைத் தகரத்தில் பொடி செய்தார்கள். அது நல்ல வாகனம். ஆனால் செசி இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். நடுவில் ஒரு றப்பர்த் துண்டு வைத்தால் போதும். இன்று கப் தட்டுகளுக்கு அலுமினியச் செக்கர் பிளேற் அடிக்கிறவர்கள் இரும்பு ஆணிகளை அப்படியே அறைகிறார்கள்.

பழைய என்ஜின் ஒயிலை அடியில் பூசுகிற வழக்கமும் எங்களிடம் உண்டு. கறளைக் கொஞ்சம் மறிக்கும்தான். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒயில் பட்ட றப்பர் புஷ்கள் ஊதிப் பிய்ந்துபோகும். மிச்சம் சொட்டுவது எங்கள் முற்றத்தில். கீழே இருப்பது வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல். அதற்குக் கீழே இருப்பது நாங்கள் குடிக்கும் தண்ணீர். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு ஒயில் கலந்த விவகாரத்தில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. ஊர் முழுவதும் போராடிய அந்த விடயத்தை வீட்டு முற்றத்தில் சொட்டுச் சொட்டாக நாங்களே செய்யலாமா? மெழுகு கலந்த கறள் தடுப்பு எண்ணெய் இப்போது டின்னில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். பெட்டிக்கட்டின் உள்ளேயும் கதவின் உள்ளேயும் குழாய் விட்டு அடித்தால், வெடிக்காமல் இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். அடித்த பின் வடிதுளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.

ஆனாலும் எந்த எண்ணெயையும்விட முதலில் வருவது கழுவுதல். இங்கேதான் பருத்தித்துறையின் சிக்கல் இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாடு இது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதிகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வரும். கரையோரக் கிணறுகள் பல சவர். சேர்விஸ் ஸ்ரேசனில் காசு கொடுத்து, உயர் அழுத்தப் பம்பால் அடியைக் கழுவுவிக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? சவர்த் தண்ணீரை அழுத்தத்தோடு அடித்தால், உப்பு முன்பு எட்டாத இடுக்குக்குள்ளும் போய் இருக்கும். கழுவுவதற்கு முன் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். அதைவிட மலிவான பரிசோதனை இல்லை.

நல்ல தண்ணீர் அதிகம் தேவையில்லை. தோட்டக்காரர் முதுகில் கொழுவி மருந்தடிக்கும் மெசின் 16 லீற்றர் கொள்ளும். களைகொல்லி படாத புது மெசின் ஒன்றை வாகனத்துக்கென்றே வைத்துக்கொண்டு, மழைநீரை நிரப்பினால் ஒரு கப்பின் அடி முழுவதையும் அலசலாம். மாரி மழையில் கூரைப் பீலித் தண்ணீரை ஒரு தாங்கியில் பிடித்து வையுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிட வேண்டும், கூரையிலும் உப்புப் படிந்திருக்கும். மட்காட்டின் உள்விளிம்பு மடிப்பு, செசியின் மேல்பக்கம், ஸ்பெயர் ரயரைத் தாங்கும் இடம், பம்பர் பிடிகள், பெட்டிக்கட்டின் வடிதுளைகள் ஆகியவை கண்ணுக்குத் தெரியாதபடியால் கழுவப்படாமல் கிடப்பவை. கையை உள்ளே விட்டுத் தடவி மணலை எடுங்கள், பிறகு மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். முடிந்ததும் சிறிது தூரம் ஓட்டினால் பிரேக் காயும், இடுக்குத் தண்ணீரும் சிதறும். கரைக்கு இறங்கிய அன்றே செய்தால்தான் பயன். அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தால் இரவுகள் எல்லாம் உப்புக்கே வேலை நாள்.

கீறல் விழுந்த இடத்துக்கும் அதே அவசரம். நல்ல தண்ணீரால் கழுவி, உரசி, பிறைமர் ஒரு பூச்சு, மேலே எந்த நிறமாவது ஒரு பூச்சு. நிறம் பொருந்தவில்லை என்று சொல்லி மாதக்கணக்கில் திறந்து விடுகிறவர்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. கதவின் கீழ்விளிம்பை நிறத்துக்காக யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

இவ்வளவும் தனியாள் செய்யக்கூடியது. ஊராகச் செய்ய வேண்டியது இரண்டு உண்டு.

ஒன்று பரிசோதனை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் பாவனையில் ஓடும் கப் வாகனத்துக்குப் புகைப் பரிசோதனையோடு வரிப்பத்திரம் கிடைத்துவிடுகிறது. அடியில் தட்டிப் பார்க்க ஆளில்லை. இருக்கைப் பட்டி பிடித்திருக்கும் கதவுத்தூணின் கால், இந்த அடித்தகரத்தில்தான் ஊன்றி நிற்கிறது. அது உக்கினால், மோதும் நேரத்தில் பட்டி தகரத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிரித்தானியாவில் வருடாந்தம் நடக்கும் எம்.ஓ.டி பரிசோதனையில், பிரேக், ஸ்ரியறிங், சஸ்பென்சன், இருக்கைப் பட்டி ஆகியவை பூட்டப்பட்ட இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் பலத்தைக் குறைக்கும் கறள் இருந்தால் வாகனம் தேறாது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் உறவுக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். இங்கே வந்து அதைவிட மோசமான அடியோடு ஓடும் வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கரையோர மாவட்டங்களிலாவது, சுத்தியலும் ரோர்ச்சும் பிடித்த ஒரு பத்து நிமிடப் பரிசோதனையைச் சேர்க்க வேண்டும். பலமிழந்த அடியோடு வருகிறவரைத் தண்டிக்கத் தேவையில்லை. ஒட்டுவித்து வர அவகாசம் கொடுத்தால் போதும்.

மற்றது தண்ணீர். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. அதிலிருந்து வாகனம் கழுவத் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. அது குடிக்கிற சனத்துக்கு. நான் கேட்பது மழைநீர். மீன் இறங்கும் துறைகளில், ஏலம் கூறும் கொட்டகை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதன் கூரைக்குப் பீலி கட்டி, ஒரு தாங்கியும், வாகனம் ஏறி நிற்க ஒரு சரிவு மேடையும் அமைக்க வேண்டும். கழுவிய தண்ணீர் ஒயில் பிரிக்கும் தொட்டியொன்றைத் தாண்டித்தான் மண்ணுக்கு இறங்க வேண்டும். மாரியில் நிரம்பும் தாங்கி கோடை முழுவதும் தாக்குப் பிடிக்காது. ஆனால் வாடைக்காற்று உப்பை அள்ளி எறியும் மாதங்களும் மாரியும் ஒன்றாகவே வருகின்றன. தேவை அதிகமான காலத்தில் தண்ணீர் இருக்கும்.

அடியைப் பேணுவது எங்கள் கரைக்குப் புதிதல்ல. 1930 வாக்கில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. அப்படியொரு மரக்கலம் அவ்வளவு தூரம் போனது, அதன் அடியைக் கரையேற்றிச் சுரண்டி எண்ணெய் பூசிப் பராமரிக்கத் தெரிந்த கைகளால்தான். அந்தப் பழக்கம் இன்றும் எங்கள் வள்ளக்காரரிடம் இருக்கிறது. தன் படகின் அடியைக் குனிந்து பார்க்காமல் கடலுக்குத் தள்ளும் ஒருவரை நான் கண்டதில்லை. அதே ஆள் அந்தப் படகின் மீனை ஏற்றிப்போகும் லொறிக்கு அடியில் வருடக்கணக்காகக் குனிவதில்லை.

பருத்தித்துறை நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லாத் துறைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாவிட்டால் முனையில் ஒன்றும் தாளையடியில் ஒன்றுமாகத் தொடங்குங்கள். கழுவுகிறவரிடம் ஒரு சிறு தொகை அறவிட்டால் பராமரிப்புச் செலவுக்குப் போதும். லொறிக்காரர் மனதோடு கொடுப்பார்கள், நான் கேட்டிருக்கிறேன். இந்த ஐப்பசி மழைக்கு முன் பீலியும் தாங்கியும் ஏறினால் இந்த மாரித் தண்ணீரையே பிடிக்கலாம். இரும்பும் நிலமும் சங்கம் தரட்டும். சரிவு மேடையின் ஒட்டுவேலைக்கு நான் கூலி கேட்கமாட்டேன், என் பட்டறைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.